தன்மதிப்பும் ஆணவமும்

ஒருவன் தன்னைத் தான் எங்ஙனம் மதித்துக்கொள்கின்றான் என்பது அவன் வாழ்வின் நலந்தீங்குகளைப் பெரிதும் வகுக்கும் என்பது இக்காலத்து உளநூலார் கொள்கை. இதனை அவர் தன்மதிப்பு என்பர். தன்மதிப்புக் குன்றியவன் முயற்சியில் தளர்வான், பிறரோடு பழகக் கூசுவான், துயரத்துள் அழுந்துவான். அது நிரம்பியவன் ஊக்கமும் மகிழ்ச்சியும் உடையனாவான் என்று அவர் கூறுப. நம்மவருள் ஒருசாரார் இதனைக் கேட்ட அளவிலே, 'ஆணவத்தை அறுக்கவன்றோ நம் நூல்கள் எழுந்தன. அதனை வளர்க்கச் சொல்லும் இந்நூல் நமக்கு எற்றுக்கு?' என ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், மேல்நாட்டார் கூறினர் என்பதுகொண்டே அதனை அப்படியே தழுவுகின்றனர். இரண்டும் பொருந்தா. ஆணவம் என்னும் சொல்லுக்கு நாம் உலகவழக்கிற் கொண்டுள்ள குறுகிய பொருளே இவ்விரு திறத்தாரையும் மயக்குகின்றது என்பது எம் கருத்து.

முதற்கண் உளநூலார் கூறுவது யாதென அறிதல் வேண்டும். வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1890-இல் வெளியிட்ட உளநூற் பெருநூலில் தன்மதிப்பினை ஒரு பின்னமாக வைத்துக் காட்டினார். ஒருவன் எய்திய வெற்றி மேலெண்; தான் இன்னவன் ஆகவேண்டும் என்று அவன் கொண்ட விழைவு கீழெண். மேலெண்ணைப் பெருக்கினாலும் மதிப்பு உயரும். கீழெண்ணைக் குறைத்தாலும் உயரும். உளநூற் புலமையையே தமக்குப் பெருமையாகக் கொண்ட தமக்கு, அத்துறையில் தம்மின் மிக்காரைக் காண்பது நாணத்தைத் தருமென்றும், கிரேக்க மொழியில் ஒன்றும் அறியாமை சிறிதும் வருத்தந் தாராதென்றும் அவர் தம்மையே சான்றாக்கிக் கூறினார். உலகத்து மற்போர் வீரருள் இரண்டாமவனாய் நிற்கும் ஒருவன், முதல்வன் ஆகாமை பற்றி மானத்தால் மடிவதும் உண்டென அவர் கூறியது நினைக்கத்தக்கது. உலகமக்கள் அனைவரினும் வலியவன், ஒருவனுக்குத் தோற்றமையால், தன்னை ஒன்றுமில்லாதவனாக எண்ணுகின்றான்! கீழெண்ணைச் சுழியாக்குதல் பற்றிய கருத்தையும் ஜேம்ஸ் தொட்டுச் சென்றார். கணக்கு வல்லார் அறிவர், கீழெண் சுழியானால் அப்பின்னமே பொருளற்றுப்போம். அளத்தல் என்பதே நின்றுவிடும். இக்குறிப்பு பின்னர் வேண்டப்படும்.

ஜேம்ஸுக்குப் பின் நெடுநாள் கழித்து, மாரிஸ் ரோசன்பர்க் என்பார் நியூயார்க் மாநிலத்துப் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரவர்க்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து 1965-இல் நூலொன்று வெளியிட்டார். தன்மதிப்பை அளக்க அவர் அமைத்த பத்து வினாக்கொண்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஆண்டு அவர் செய்த ஒரு வேறுபாடு பிற்காலத்தார் பலரால் மறக்கப்பட்டது. தன்மதிப்பு உடையவன் என்றால் பிறரினும் மேலானவன் எனத் தன்னை எண்ணுபவன் என்பது பொருளன்று. தான் போதிய தகுதியுடையவன் என அமைந்திருப்பவன் என்பதே பொருள் என்றார் அவர்.

இம்மறதியின் விளைவைக் காணவேண்டுவார் கலிபோர்னியா மாநிலத்து வரலாற்றை நோக்குக. அம்மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் என்பவர் முயன்று, 1986-இல் தன்மதிப்பை வளர்த்தற்பொருட்டே ஒரு குழுவை அரசு அமைக்குமாறு செய்தார். உறுப்பினர் இருபத்தைவர், காலம் மூன்றாண்டு. அம்மைநோய்க்கு ஊசி குத்துமாறு போல, குற்றம், வன்முறை, போதைப்பொருட் பழக்கம், கல்வியில் தோல்வி முதலிய சமூகத் தீமைகட்கெல்லாம் தன்மதிப்பு ஒரு தடுப்பு மருந்தாகும் என்பது அக்குழுவினர் நம்பிக்கை. அதற்குச் சான்று காணக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் முன்னிருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1989-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். அந்நூலின் முகவுரையிலேயே நீல் ஸ்மெல்சர் என்னும் பேராசிரியர், தன்மதிப்புக்கும் அதன் விளைவெனப்பட்டவற்றுக்கும் இடையே காணப்பட்ட தொடர்பு மிகத் தாழ்வாக உள்ளமை ஏமாற்றந் தருவது என ஒளியாது எழுதினார். எனினும் 1990-இல் வெளிவந்த குழுவின் முடிவறிக்கை அந்நம்பிக்கையைக் கைவிடவில்லை. பள்ளிகள் பல, செய்தது யாதாயினும் சிறுவரைப் புகழ்தலே கல்வி என்னுமாறு நடக்கத் தலைப்பட்டன. சான்று முன்னிற்கவும் விருப்பம் வென்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டிலும் இது நிகழாததன்று.

2003-இல் ராய் பாமைஸ்டர் முதலிய நால்வர் அதுகாறும் வெளிவந்த ஆய்வுகளை முழுதும் துருவி ஒரு மதிப்புரை எழுதினர். கல்வித் தேர்ச்சிக்குத் தன்மதிப்புக் காரணமாதலினும், தேர்ச்சியே தன்மதிப்புக்குக் காரணமாதல் மிகுதி என்றனர். சிறுவரைப் புகைத்தல், குடித்தல் முதலியவற்றினின்றும் அது காப்பதாகத் தெரியவில்லை. ஆயினும், தன்மதிப்பு மிக்கார் மகிழ்ச்சியும் மிக்கார் என்னுந் தொடர்பு உறுதியாகவே காணப்பட்டது. தோல்வியுற்றபின் மீண்டும் முயலும் ஊற்றமும் அவர்க்குச் சில நிலைகளில் மிகுதி. 2013-இல் ஜூலியா சொவிஸ்லோ, உல்ரிக் ஓர்த் என்னும் இருவர் காலந்தொடர்ந்த ஆய்வுகள் பலவற்றை ஒருங்குவைத்து நோக்கி, தன்னைத் தாழ மதித்தல் பின்வரும் மனச்சோர்வுக்கு முன்னோடியாக நிற்கின்றது என்று காட்டினர். அவருள் ஓர்த், ரிச்சர்ட் ராபின்ஸ் என்பவரோடு 2022-இல் எழுதிய கட்டுரையில், தன்மதிப்பின் நன்மை பெரிதன்றாயினும் உண்மையானதே என்றார். ஆகவே, தன்மதிப்பு எல்லாந் தரும் கற்பகமன்று. பயனற்ற வெற்றுச்சொல்லும் அன்று. அவர் ஆய்வால் நிலைபெற்ற அளவு இதுவே.

இனி நம் நூற்கு வருவாம். உலகவழக்கில் ஆணவம் என்பது செருக்கு என்னும் ஒரே பொருளில் வழங்குகின்றது. 'அவன் ஆணவக்காரன்' என்றால் தலைநிமிர்ந்து நடப்பவன், பிறரை மதியாதவன் என்றே கொள்கின்றோம். சித்தாந்த நூல் வல்லார்க்கு இது நிரம்பாத பொருள் என்பது தெரியும். செருக்காய் எழுவதற்கு வாயிலாகிய அகங்காரம் மாயையின் வழித்தோன்றிய ஒரு தத்துவம். ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன்நிற்கும் மூலமலம். அதன் முதற்றொழில் உயர்த்துதல் அன்று, மறைத்தல். வியாபகமாகிய உயிரை அணுப்போலச் சிறுகச் செய்தலான் அன்றோ அது ஆணவம் எனப் பெயர்பெற்றது? பெயரிலேயே சிறுமை கிடக்கின்றது. அவ்வாறிருக்க, சிறுமை செய்யும் ஒன்றனுக்குப் பெருமிதத்தையே உருவமாக நாம் கொண்டது எவ்வாறோ!

இதனால் பெறப்படுவது யாது? 'யான் பிறரினும் மேலானவன்' என்னும் எண்ணம் ஆணவத்தின் காரியமாதல் போலவே, 'யான் ஒன்றற்கும் உதவாதவன், கீழானவன்' என்னும் எண்ணமும் ஆணவத்தின் காரியமே. அருணந்தி சிவாசாரியர் இருபா இருபதில் ஆணவத்தின் குணங்களை எட்டாக எண்ணியவிடத்து, மதத்தை வைத்த அவ்வரிசையிலேயே அஞர் என்னும் துயரத்தையும் வைத்தனர். இது மேம்போக்காய்க் கடந்துசெல்லத்தக்கதன்று. செருக்கும் சோர்வும் ஒன்றற்கொன்று மறுதலை என உலகம் எண்ண, அவ்வாசிரியர் அவற்றை ஒரு வேரிற் கிளைத்த இரு கிளைகளாகக் கண்டனர். இரண்டிடத்தும் 'யான்' என்பதே அளவுகோல். மேலே பறப்பவனும் கீழே கிடப்பவனும் தன்னையே நோக்கிக்கொண்டிருக்கின்றான். ஜேம்ஸ் காட்டிய மற்போர் வீரனிடத்து இவ்விரண்டும் ஒருங்கே நிற்றல் காண்க; முதல்வனாக வேண்டும் என்ற மதமே, இரண்டாமவன் ஆனவுடன் அஞராய் மாறியது.

தாழ்வெண்ணம் உற்றவன் நிலையை இன்னும் அணுகி நோக்கின் இது விளங்கும். அவன் எதனையும் விரும்பான்; இது செய்வதோ அது செய்வதோ எனத் துணியான்; துணிந்தவழியும் செய்ய எழான். உயிரின் இச்சை, ஞானம், கிரியை மூன்றும் ஒருங்கே மழுங்கி நிற்கின்றன. மூலமலத்தின் மறைப்பு என்று நூல்கள் விரித்த இலக்கணத்தோடு இது பொருந்துதல் காண்க. சகலநிலையில் நிற்கும் உயிர்க்குக் கேவலத்தின் நிழல் ஒருவாறு வந்து கவிந்தாற்போன்றது அது. (நோயாக முற்றிய மனச்சோர்வு இதனின் வேறு. அதற்கு மருத்துவரை நாடுதலே முறை. உடம்பின் பிணிக்கு மருந்துண்பான் ஒருவனை நாம் குறைகூறுதல் இல்லை, இதற்கும் கூறற்க.)

அற்றேல், தன்மதிப்பு என்பது உயிர்க்கு எவ்வாறு உதவும் எனின், கூறுதும். ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்கு, ஞாயிறு எழுங்காறும் மாயை விளக்குப்போல நின்று உதவும் என்பது நம் கொள்கை. உடம்பும் கருவியும் உலகமும் இழிக்கத்தக்க வெறும் பகையல்ல. கலை, வித்தை, அராகம் என்பன உயிரின் கிரியை, ஞானம், இச்சைகளைச் சிறிதளவு எழுப்பிவிடும் துணைகள். ஒரு தொழிலைச் செம்மையாய்ச் செய்து முடித்தமையால் வரும் அமைதியும், பெற்றோர் அன்பினால் சிறுவன் கொள்ளும் துணிவும், ஆசிரியர் நன்மதிப்பால் மாணவன் பெறும் ஊக்கமும் இவ்விளக்கின்பாற்படும். விளக்கை ஞாயிறு என்றல் பிழை. ஞாயிறு அன்றென்று இரவிலே விளக்கை அவித்துவிடுதல் அதனினும் பெரும்பிழை. கலிபோர்னியாவினர் செய்தது முன்னையது. நம்முள் ஒருசாரார் செய்துவருவது பின்னையது.

விளக்கின் குறை யாது? அது காற்றுக்கு அசையும். ஜெனிஃபர் குரோக்கர் என்னும் உளநூலார் தம் குழுவினரோடு, மாணவர் தம் மதிப்பை எவ்வெவற்றின்மேல் ஊன்றி வைக்கின்றனர் என ஆராய்ந்து, 2003-இல் ஏழு இடங்களை வகுத்தார். பிறர் உடன்பாடு, தோற்றம், போட்டியில் வெல்லுதல், கல்வித்திறம், குடும்பத்தார் ஆதரவு, ஒழுக்கம், இறைவன் அன்பு என்பன அவை. அதற்கு முந்திய ஓர் ஆய்வில், மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவரின் தன்மதிப்பு, ஏற்றோம் என்னும் மடல் வந்த நாளில் ஏறியும், மறுத்தோம் என்னும் மடல் வந்த நாளில் இறங்கியும் நின்றதென்றும், கல்வித்திறத்தின்மேல் மதிப்பை ஊன்றியவரிடத்து அவ்வேற்ற இறக்கம் மிகுதி என்றும் கண்டனர். ஆகவே நலத்திற்கு வேண்டுவது மதிப்பு உயர்தல் மட்டும் அன்று. அஃது எதன்மேல் நிற்கின்றது என்பதே அதனினும் பெரிது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்று நாம் ஓதிவருதலை இவ்வாய்வு ஒருபுடை வலியுறுத்துகின்றது. பளிங்கு தன் அடுத்த நிறத்தையே காட்டும்; ஆட்டம் உடையதை அடுத்தால் தானும் ஆடும்.

இங்கே ஒரு தடை எழும். இறைவன் அன்பும் அவ்வேழனுள் ஒன்றாக எண்ணப்பட்டமையின், அதுவும் ஒரு முளையே. அதன்மேல் மதிப்பை மாட்டினவனும், தான் அன்புக்குத் தகுந்தவனோ அல்லனோ என ஐயுற்று ஆடுவானே என்பது. மேலும், சத்திநிபாதம் மலபரிபாகத்தை நோக்கியே நிகழ்வதாகலின், திருவருளும் தகுதியை வேண்டி நிற்பதே எனவும் கூறலாம். இத்தடை வலிது. அருளை ஈட்டும் பொருளாக எண்ணி, இத்தனை விரதம் நோற்றேன், இத்தனை தலம் வணங்கினேன் எனக் கணக்கெழுதுவானுக்கு அதுவும் முளையே, ஐயமில்லை. அவன் மற்போர் வீரனின் வேறல்லன். போட்டிக்களம் மட்டும் கோயிலாய் மாறியது. ஆனால் பக்குவம் என்பது அருளின் கொடைக்கு விலையன்று, உயிரின் கொள்ளுந்தன்மை. ஞாயிறு எல்லாத் தாமரைக்கும் ஒருபடித்தாய் எறிப்ப, முதிர்ந்த முகை மலரும், முதிராதது பின்னாள் மலரும். முதிராத முகையை ஞாயிறு வெறுத்ததென்பார் உளரோ? ஆதலின், இறைவற்கு உடைமையாய் இருத்தல் என்னும் உறவு உயிர் ஈட்டிக்கொண்டதன்று, இழக்கக்கூடியதும் அன்று, அநாதியே உள்ளது. அதன்மேல் ஊன்றியவழி, அளத்தற்கு இடமில்லை. ஜேம்ஸின் கீழெண் சுழியாதல் என மேலே குறித்தது இதுவே. இருவினையொப்பு என்னும் நிலையும், வெற்றியால் வீங்காமலும் தோல்வியால் சுருங்காமலும் நிற்கும் இவ்வமைதியைத் தன்னுள் அடக்கியது.

மற்றொரு தடை: திருமுறை ஆசிரியர்கள் தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொண்டனரே, அது தன்னிழிவு அன்றோ, உளநூலார் முறைப்படி அவர்க்கு மனநலம் குன்றியிருத்தல் வேண்டுமன்றோ எனின், அன்று. அவ்விழிப்புரை யார் முன்னர் நிகழ்ந்தது என்பதை நோக்குக. திருநாவுக்கரசர் தம் வாழ்நாள் வீழ்நாளானமை கருதி இரங்கிப் பாடிய பதிகங்கள் பல. அவரே, பல்லவ மன்னன் அமைச்சரை விடுத்து அழைப்பித்தபோது, தாம் யார்க்கும் ஆட்பட்டவர் அல்லர் என மறுத்துப் பாடினர். நீற்றறையில் இடப்பட்டும் நடுங்கினாரல்லர். தன்னைத் தாழ மதித்தவன் செயல் இதுவாமா? இறைவன் ஒருவன்முன்னர்ச் சிறியராய் நின்றமையே பிறர் எவர்முன்னரும் சிறியராகாமைக்குக் காரணமாயிற்று. சோர்வுற்றவன் தன்னை இழிப்பது பிறனோடு ஒப்பிட்டு. அடியார் தம்மை இழித்தது ஒப்பில்லாதானை நோக்கி. முன்னையதில் நோக்கு தன்மேலேயே சுருங்குகின்றது. பின்னையதில் நோக்கு தன்னைவிட்டு அகல்கின்றது. சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் நம் நாட்டில் விளைந்த கேடு சிறிதன்று. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சிவன் சேவடிக்கன்றிப் பிறிதொன்றற்கும் உரியதாகாத அடிமை என்னும் சொல், நிலமுடையார் வாயிலிலும் புகுத்தப்பட்டது. வழிவழி ஆண்டைக்கு ஆளாய்ப் பிறந்து இறந்த குடிகள் பல. அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையில்லை என 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறியபின்னும் பண்ணைகளில் அந்நிலை நெடுங்காலம் அறவே நீங்கவில்லை. அம்மக்களை நோக்கிப் பணிவே அறம் என்று போதித்தவர் அவர்க்கு மலநீக்கம் செய்தாரல்லர். அணுவாய்க் கிடந்ததை மேலும் அணுவாக்கினர். 1925-இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தாரின் கடவுண்மறுப்போடு நமக்கு உடன்பாடில்லை. அவரோடு நம் முன்னோர் நிகழ்த்திய வாதங்கள் பலவும் அறிந்தனவே. ஆயினும், மானத்தோடு நிற்கும் உரிமை மக்கள் அனைவர்க்கும் உண்டென்னும் அவர் கூற்றுக்கு நம் நூலில் மறுப்பில்லை; இறைவனுக்கே ஆளானவனைப் பிறிதொருவன் ஆளாகக் கொள்ளுதல் நம் நூலின்படி அடாதது. அதனை நாமே முற்பட்டு உரக்கச் சொல்லியிருத்தல் வேண்டும். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் தாழ்த்தப்பட்டார் எனப்பட்டவர் புகுந்து வழிபட்டது 1939-இல். திருநாளைப்போவாரைச் சேக்கிழார் போற்றியது எத்தனை நூற்றாண்டுகட்கு முன்!

இனி, மடங்களிலும் பாடசாலைகளிலும் பிள்ளைகளைப் பயிற்றுவார்க்கு இவ்வாராய்ச்சியால் ஒரு செய்தி உண்டு. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்குப் புதிர்க்கணக்குகள் கொடுத்து, முடித்தபின் ஒரு பகுதியாரை 'நீ அறிவாளி' என்றும், மற்றொரு பகுதியாரை 'நன்றாக முயன்றாய்' என்றும் புகழ்ந்தனர். பின்னர் அரிய கணக்குகளில் இரு பகுதியாரும் தோற்றவிடத்து, அறிவாளி எனப் புகழப்பட்டவர் விரைவில் ஊக்கம் இழந்தனர். தாம் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினாரும் அவருள்ளேயே மிகுதி. புகழ் அவர்தம் 'யான்' என்பதன்மேல் விழுந்தது. தோல்வியும் அதன்மேலேயே விழுந்தது. முயற்சி புகழப்பட்டவர்க்கோ, தோல்வி இன்னும் முயல்க என்னும் குறிப்பளவாய் நின்றது.

வசைக்கும் இதுவே முறை. தேவாரப் பண் பிழைத்த மாணவனை 'உனக்கு இது வாராது, உன் நாவுக்கு இது எட்டாது' எனக் கடிந்து, அவன் தலைகவிழ்ந்து நிற்பதைப் பணிவு எனப் பாராட்டும் ஆசிரியர் சிலர் உளர். அது பணிவன்று, அஞர். அம்மாணவன் நாளை ஆசிரியனாய் அமர்ந்தால், அவ்வஞரே மதமாய் உருமாறித் தன் மாணவன்மேல் இறங்கும். பிழைத்த சீர் இது, பிழைத்த இடம் இது எனக் காட்டி மீண்டும் பாடுவித்தலே போதியது. அவன் எத்தகையன் என்பது அங்கே வினாவன்று.

மெய்கண்டாரிடம் அருணந்தியார் வந்த வரலாறு மரபில் வழங்குவது. இதனைப் படிப்பார் எல்லார்க்கும் தெரிந்தது. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அம்முதியவர், இளஞ்சிறாராய மெய்கண்டாரிடம் சென்று ஆணவத்தின் இயல்பு யாதென வினாவ, அவர் வாய்திறவாது எதிர்நின்ற அருணந்தியாரையே சுட்டினர் என்ப. அச்சுட்டு ஒருவனை நாணத்தால் கொன்றிருக்கக்கூடியது. அருணந்தியார் அங்கேயே அடிபணிந்து மாணவரானார். ஈண்டு நாம் கருதவேண்டுவது அதற்குப் பின்னர் நிகழ்ந்தது. செருக்கு நீங்கிய அவர் செயலற்றுச் சோர்ந்தாரல்லர். தம் புலமையைப் பழித்து ஏடுகளைத் துறந்தாரும் அல்லர். தம்மினும் மிக இளைய ஆசிரியர் அருளிய பன்னிரு சூத்திரங்களை அடியொற்றி, பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதியாய்ச் சிவஞான சித்தியாரை இயற்றினர். பிறமதக் கொள்கைகளை வரிசையாய் நிறுத்தி மறுக்கும் அப்பரபக்கத்தை எழுதிய கை தன்னை நம்பாத கையன்று. அவர் முன்னர்க் கற்ற ஆகமம் அத்தனையும் அந்நூலில் பயன்பட்டு நிற்கின்றது.